குழிக்குள்ள குந்திக்கிட்டே பதில் சொல்றேன்: வாசகர் கேள்வி பதில்

போன மாசம் இந்தப் பக்கத்துல ஒரு வரி எழுதித் தொலைச்சேன். "அகழாய்வுக் குழியில ஆறு பேர் காலைலேர்ந்து சாயந்திரம் வரைக்கும் உக்காந்து நாலு விரக்கடை மண்ணுகூட எடுக்காம எந்திரிச்ச நாள் உண்டு"ன்னு. அவ்வளவுதான். லெட்டர், வாட்ஸ்அப், நேர்ல பாத்து திட்டுனதுன்னு சேத்து இந்த மாசம் பூரா இதே கேள்விதான். நான் குழியில படம் வரையற வேலை பாத்தவன், பேராசிரியர் இல்ல. தெரிஞ்சத சொல்றேன்.

கோட்டையூர்லேர்ந்து ஒரு கொத்தனார்: நாப்பது வருஷமா வானம் தோண்டி கடக்கால் போடுறேன், நாலு ஆளக் குடுத்தா ஆறடி ஒரே பொழுதுல எறக்கிருவேன். நீங்க பிரஷ்ஷ வச்சு பல்லு வெளக்குற மாதிரி தேச்சுக்கிட்டு இருக்கீக. கூலி தண்டம்தானே?

அண்ணே, உங்களுக்குப் புரியற மாதிரி உங்க வேலையிலேர்ந்தே சொல்றேன். ஒரு பழைய செட்டிநாட்டு வீட்ல முகப்புச் சுவத்த லேசா ஒரு எடத்துல சுரண்டினா என்ன வரும்? மேல போன தீபாவளிக்கு அடிச்ச எமல்ஷன், அதுக்கு அடியில டிஸ்டம்பர், அதுக்கும் அடியில வெள்ளை, அப்புறம் அந்தக் காலத்து வழவழ சுண்ணாம்புப் பூச்சு, அதுக்கும் உள்ள செங்கல். எது முந்தி எது பிந்தின்னு உங்களுக்கு யாரும் சொல்ல வேணாம், பாத்தாலே தெரியும். மண்ணும் அதேதான். ஒரு காலத்து தரை, அது மேல இடிஞ்சு விழுந்த கூரை, அது மேல வெள்ளம் கொண்டாந்த வண்டல், அது மேல இன்னொரு தலைமுறை போட்ட தரைன்னு பூச்சு பூச்சா கெடக்கும். நீங்க கடப்பாரையால சுவத்தையே பேத்துட்டா எத்தனை பூச்சு இருந்துச்சுன்னு எப்படிச் சொல்வீங்க?

இதுல ஒரு வம்பு வேற இருக்கு. எல்லாம் ஒழுங்கா ஒண்ணு மேல ஒண்ணு படுத்துக்கெடந்தா யாரு வேணா தோண்டிரலாம். முந்நூறு வருஷத்துக்கு முன்னாடி ஒருத்தர் குப்பைக்குழி வெட்டியிருப்பாரு, அது மேல் மண்ணுலேர்ந்து கிளம்பி ரெண்டாயிரம் வருஷத்துத் தரையை ஓட்டை போட்டுக்கிட்டு கீழ போயிருக்கும். அந்தக் குழிக்குள்ள விழுந்த பானை ஓடும் அந்தப் பழைய தரையில கெடக்குற ஓடும் இப்ப பக்கத்துப் பக்கத்துல ஒரே ஆழத்துல கெடக்கும். டேப்பு வச்சு அளந்தா ரெண்டும் ஒண்ணு, வயசு மட்டும் ஆயிரத்து எழுநூறு வருஷம் வித்தியாசம். அதக் கண்டுபிடிக்க ஒரே வழி, குழிக்குள்ள இருக்குற மண்ணோட நிறமும் பதமும் கொஞ்சம் மாறியிருக்கும், லேசா சாம்பலா, லேசா பொதபொதன்னு. அதப் பாக்கத்தான் பிரஷ், அதப் பாக்கத்தான் கரண்டியால தகடு தகடா சீவறது.

நான் வேலை பாத்த ஒரு எடத்துல பக்கத்து ஊர் அம்மா ஒருத்தவுக வருவாக, நூறு நாள் வேலைக்குப் போய்க்கிட்டு இருந்தவுக. எழுதப் படிக்கத் தெரியாது. ஒரு நாள் மத்தியானம் கரண்டியால சீவிக்கிட்டே இருந்தவுக டக்குன்னு கைய நிறுத்திட்டு "தம்பி, சத்தம் மாறுது"ன்னாக. எனக்கு ஒண்ணும் கேக்கல. இன்னொரு தடவ சீவிக் காட்டுனாக, சர்ர்ருன்னு வந்துக்கிட்டு இருந்தது ஒரு எடத்துல கரகரன்னுச்சு. அடியில அரை விரக்கடை கனத்துக்கு களிமண்ணு அடிச்சு கெட்டிச்ச தரை. மேல நின்ன எம்.ஏ. படிச்ச ரெண்டு பேருக்கும் அது தெரியல. மண்வெட்டி விழுந்திருந்தா அந்தத் தரை அப்படியே பாண்டுச்சட்டியில அள்ளிக்கிட்டு போயிருக்கும், அப்படி ஒரு தரை இருந்துச்சுங்கறதே உலகத்துல யாருக்கும் தெரிஞ்சிருக்காது.

மத்தபடி எங்க சாமான் எல்லாம் உங்க சாமான்தான். நூலு, முளைக்குச்சி, ரசமட்டம், தூக்குக்குண்டு, கொத்துக்கரண்டி. பத்துக்குப் பத்து மீட்டர் கட்டம் நூல் கட்டி, அத நாலா பிரிச்சு, கட்டத்துக்கும் கட்டத்துக்கும் நடுவுல வயல் வரப்பு மாதிரி ஒரு மண்சுவர வெட்டாம விட்டுருவோம். அந்தச் சுவத்துலதான் பூச்சு பூச்சா அடுக்கு தெரியும், அதப் பாத்து வரையறதுதான் என் வேலை. சுவரு தூக்குக்குண்டுக்கு நேரா இல்லாம கொஞ்சம் சாஞ்சாலும் அகழாய்வ நடத்துற எங்க ஐயா காச்சி எடுத்துருவாரு. நீங்க ஒரு நாள் வாங்க, உங்க கைக்கு இந்த வேலை சீக்கிரமே படிஞ்சிரும்.

பள்ளத்தூர் ஆச்சி ஒருத்தர்: தங்கம் கெடைக்குமா தம்பி?

கெடைக்கும் ஆச்சி, குந்துமணி அளவு. நம்ம பக்கம் மொத்தமா கெடைச்ச கதை ஒண்ணு இருக்கு, புதுக்கோட்டை சமஸ்தானத்துல கருக்காக்குறிச்சியில 1898-ல 501 ரோமானியத் தங்கக் காசு ஒரே எடத்துல கெடைச்சுது. அகஸ்டஸ் காலத்துலேர்ந்து வெஸ்பாசியன் காலம் வரைக்கும் உள்ளது, பாதிக்கு மேல உளியால ராசா மூஞ்சியிலயே ஒரு வெட்டு போட்டிருக்கும். ஏன் வெட்டினாங்கன்னு இன்னிக்கு வரைக்கும் சண்டை. மறுபடி காசா ஓடக்கூடாதுன்னு வெட்டினாங்கன்னு ஒரு கட்சி, உள்ள தங்கம்தானான்னு பாக்க வெட்டினாங்கன்னு ஒரு கட்சி. அந்தக் காசு அகழாய்வுல வந்தது இல்ல. வீட்டுத் தரைக்கு அடியில இருந்துச்சா, உலைக்களம் பக்கத்துல இருந்துச்சா, கூட தராசு படிக்கல்லு கெடந்துச்சா, இதுல ஒண்ணு தெரிஞ்சிருந்தாலும் சண்டை பாதி முடிஞ்சிருக்கும். காசு நெறைய லண்டன் மியூசியத்துல பளபளன்னு இருக்கு, கேட்டா வாயத் தொறக்காது.

தேவகோட்டை பக்கத்துலேர்ந்து ஒரு வாசகர்: எங்க ஊர் கண்மாய் தூர்வாரும்போது ஜேசிபி கொண்டியில மாட்டி ஒரு பெரிய தாழி ஒடைஞ்சிருச்சு. உள்ள சின்னச் சின்னப் பானை, கறுப்பும் செவப்புமா. பசங்க எடுத்துட்டுப் போறதுக்குள்ள நான் எல்லாத்தையும் வீட்டுக்குக் கொண்டாந்து மண்ண எல்லாம் கொட்டிட்டு கழுவி வச்சிருக்கேன். சரிதானே?

எடுத்து வச்சது சரி. மண்ணக் கொட்டுனதும் கழுவுனதும்தான் வயித்துல புளியக் கரைக்குது.

முதுமக்கள் தாழிங்கறது செத்தவங்கள வச்சுப் புதைச்ச பெரிய பானை. அதுல பானை ரெண்டாம் பட்சம், உள்ள அடைஞ்சு கெடக்குற மண்ணுதான் சொத்து. தூத்துக்குடி மாவட்டம் சிவகளையில ஒரு தாழிக்குள்ள இருந்த மண்ணுல நெல்லு உமி கெடைச்சுது, அமெரிக்க லேபுக்கு அனுப்பிப் பாத்தா கி.மு. 1155. தாமிரபரணிக் கரை நாகரிகத்துக்கு 3200 வருஷம்னு 2021-ல சட்டசபையில அறிவிச்சாங்களே, அது இந்த உமிய வச்சுத்தான். உமி! ஊதுனா பறந்துரும். அந்த எடத்துல யாராவது நல்ல மனசோட தாழிய எடுத்துக் குழாயடியில கழுவியிருந்தா அந்த மூவாயிரத்து சொச்சம் வருஷம் சாக்கடையோட போயிருக்கும். நம்ம மாவட்டத்துலயே கீழடி பக்கத்துக் கொந்தகையில தாழிக்குள்ள எலும்பு எப்படி எப்படி கெடந்துச்சுன்னு ஒவ்வொண்ணா படம் புடிச்சு, வரைஞ்சு, அப்புறம்தான் வெளிய எடுத்தாங்க. அங்க கெடைச்ச மண்டையோட்டை வச்சுத்தான் அந்தக் காலத்து ஆளு மூஞ்சி எப்படி இருந்திருக்கும்னு இங்கிலாந்து யூனிவர்சிட்டியில உருவம் பண்ணிக் காட்டினாங்க, பேப்பர்ல பாத்திருப்பீங்க.

இப்ப நீங்க செய்ய வேண்டியது. கொட்டுன மண்ணு வீட்டுக் கொல்லையிலதான் கெடக்கும்னா அத அப்படியே ஒரு சாக்குல அள்ளி வைங்க, மழை பெய்யறதுக்கு முன்னாடி. கண்மாய்க்குள்ள எந்த எடம்னு இன்னிக்கே போயி செல்போன்ல லொகேஷன் போட்டு, ஒடைஞ்ச அடிப்பாகம் இன்னும் மண்ணுக்குள்ள இருந்தா தொடாம, பக்கத்துல ஒரு ஸ்கேல் இல்லாட்டி தீப்பெட்டி வச்சு போட்டோ எடுங்க. வேலை நடந்துக்கிட்டு இருந்தா அந்த எடத்த மட்டும் விட்டுட்டு மத்த எடம் வெட்டச் சொல்லுங்க, மொத்த வேலையும் நிறுத்த வேணாம், தண்ணி வேணுமில்ல. அப்புறம் வி.ஏ.ஓ. கிட்ட எழுதிக் குடுங்க. இது தயவு இல்ல, 1878-ல போட்ட புதையல் சட்டப்படி பத்து ரூபாய்க்கு மேல மதிப்புள்ள எது மண்ணுக்குள்ளேர்ந்து வந்தாலும் எடுத்தவர் கலெக்டருக்குச் சொல்லியாகணும். சட்டம் போட்ட காலத்துல பத்து ரூபா பெருசு, இன்னிக்கு ஒரு டீ.

என் அப்பத்தா இருந்தா உங்கள வீட்டுக்குள்ளயே விட்டிருக்காது. நான் சின்னப் பையனா இருக்கும்போது கம்மாக்கரையில எடுத்த ஒரு கறுப்புக் கிண்ணத்த ஆசையா கொண்டாந்தேன், "செத்தவுக சோறு தின்ன கிண்ணம்டா அது"ன்னு வாசப்படி தாண்ட விடல. வேப்பமரத்தடியில ஆட்டுக்குட்டிக்குத் தண்ணி வச்சோம் அதுல. எந்தக் கரை, எந்த மேடுன்னு இன்னிக்கு என்னைக் கேட்டா எனக்கே தெரியாது.

காரைக்குடி கல்லூரி மாணவி: கீழடிக்கு கி.மு. 580-ன்னு எப்படி இவ்வளவு கரெக்டா சொல்றாங்க? சும்மா ஒரு கரித்துண்டுதானே?

சும்மா கரித்துண்டு இல்லம்மா, அட்ரஸ் உள்ள கரித்துண்டு. நாலாம் கட்ட அகழாய்வுல எடுத்த ஆறு கரி மாதிரிய அமெரிக்காவுல ஃபுளோரிடா மாநிலத்து மியாமி லேபுக்கு அனுப்பினாங்க. அதுல 353 சென்டிமீட்டர் ஆழத்துல எடுத்த ஒண்ணுதான் கி.மு. 580-ன்னு வந்துச்சு, 2019-ல ரிப்போர்ட் வெளியிட்டாங்க. உசுரோட இருக்குற எதுலயும் கார்பன் 14-ன்னு ஒண்ணு இருக்கும், செத்ததுக்கு அப்புறம் அது கரைய ஆரம்பிக்கும், 5730 வருஷத்துக்கு ஒரு தடவ பாதியாகும். மிச்சம் எவ்வளவுன்னு எண்ணி வயசு சொல்லுவாங்க. ஆனா லேபு சொல்றது அந்த மரம் எப்ப செத்துச்சுங்கறத மட்டும்தான். அந்தத் தரையில மனுசன் எப்ப நடந்தான்னு சொல்லணும்னா, கரி அந்த அடுக்குல அந்தக் காலத்துலயே விழுந்ததுதான்னு குழியில நிக்கிறவர் உத்தரவாதம் குடுக்கணும்.

கீழடியில தோண்டுற எடமே தென்னந்தோப்பு. வேர் போன ஓட்டை, எலி வளை, இதெல்லாம் மேல் மண்ணுல உள்ள கரிய அஞ்சடி கீழ கொண்டாந்து போட்டுரும். அதுனால கரி தெரிஞ்ச ஒடனே சுத்தி வளை இருக்கான்னு பாத்து, ஆழம் அளந்து, போட்டோ எடுத்து, அப்புறம்தான் எடுக்கறது. அதுவும் கையால தொடாம சின்னக் கரண்டியால அள்ளி, அலுமினிய ஃபாயில்ல சுத்தி. பக்கத்துல நின்னு பீடி குடிச்ச ஒருத்தர எங்க ஐயா துரத்துன துரத்து இன்னும் கண்ணுல நிக்குது. சாம்பல் ஒரு பொட்டு விழுந்தா போதும், சங்க காலம் பீடி காலமாயிரும்.

காரைக்குடியிலேர்ந்து இன்னொருத்தர்: முனீஸ்வரன் கோயில் தெருவுல பழைய சாமான் கடையில ஒரு பாசி மணி மாலை வாங்கினேன், சங்க காலம்னு சொன்னாக. எப்படி உறுதி பண்றது?

பண்ண முடியாது. அந்தத் தெருவுல பர்மா தேக்குத் தூணு வரிசையா சாத்தி வச்சிருப்பாங்களே, அதுல ஒண்ணத் தொட்டு இது எந்த ஊர், எந்த வீட்டு வளவுல நின்னுச்சு, அந்த வீட்ல எத்தனை புள்ளி, அதாவது எத்தனை குடும்பம், எந்தக் கட்டுல யார் கல்யாணம் நடந்துச்சுன்னு கேட்டுப் பாருங்க. தூணு அழகாத்தான் இருக்கும். பெங்களூர்ல ஏதோ ஓட்டல் வாசல்ல போய் நிக்கும். உங்க மாலையும் அப்படித்தான். சூதுபவளம்ங்கற செவப்புக் கல்லான்னு சொல்லலாம், துளை எப்படிப் போட்டதுன்னு சொல்லலாம், அதுக்கு மேல ஒண்ணும் இல்ல. நூறு வருஷத்துக்கு மேல உள்ள சாமானுக்கு 1972 சட்டம் ஒண்ணு இருக்கு, நெஜமாவே மண்ணுலேர்ந்து எடுத்ததுன்னா அத விக்கிறதும் வாங்குறதும் உங்கள எங்க கொண்டு விடும்னு ஒரு வக்கீலக் கேட்டுக்கங்க.

என் தப்பையும் சொல்லிடறேன், சும்மா உங்கள மட்டும் சொல்லக்கூடாது. வேலைக்குச் சேந்த புதுசு. கட்டத்துலேர்ந்து வர்ற பானை ஓடுகள எல்லாம் பையில போட்டு எந்தக் குழி, எந்தக் கட்டம், எந்த அடுக்கு, எத்தனை சென்டிமீட்டர், தேதின்னு எழுதி ஒரு சீட்டு உள்ள, ஒரு சீட்டு வெளிய. நான் உள்ள போடல, சோம்பேறித்தனம், வெளிய மட்டும் பேனாவால எழுதிக் கட்டி வச்சேன். அன்னிக்கு ராத்திரி கோடை மழை. காலைல பாத்தா சீட்டுல மை கரைஞ்சு நீலமா ஒரு கறை, அவ்வளவுதான். ரெண்டு பை, ஆறு பேரோட ஒரு நாள் வேலை. நான் வாயத் தொறந்து "ஞாபகம் இருக்கு சார், இது ரெண்டாவது அடுக்கு"ன்னேன். ஐயா திட்டல. ரெண்டு பையையும் என் கையிலயே குடுத்து சலிச்ச மண்ணு கொட்டுற மேட்டுல கொண்டு போய் கொட்டச் சொன்னாரு. கறுப்பு சிவப்பு ஓடு, ஒண்ணுல கீறிப் போட்ட குறிகூட இருந்துச்சு. கொட்டிட்டு வந்தேன். அன்னிலேர்ந்து பென்சில்தான், பென்சில் எழுத்து மழைக்குக் கரையாது.

கண்டனூர் ஓய்வுபெற்ற ஆசிரியர்: ஒருத்தர் தோண்டி ஒரு காலம் சொல்றார், இன்னொருத்தர் வந்து தப்புங்கிறார். ரிப்போர்ட் வேற வருஷக்கணக்கா வர்றதில்லை. யாரைத்தான் நம்ப? தோண்டினதோட தோண்டி எல்லாத்தையும் முழுசா எடுத்துப் பாத்து முடிச்சா என்ன?

சார், நல்லாக் கேட்டீங்க, மூணு கேள்வி இருக்கு இதுல.

பாண்டிச்சேரி பக்கத்து அரிக்கமேட்ட எடுத்துக்குவோம். 1945-ல மத்திய தொல்லியல் துறைத் தலைவரா இருந்த வீலர்ங்கற வெள்ளைக்காரர் தோண்டினாரு. அவருக்கு முன்னாடியே அங்க தோண்டியிருக்காங்க, சாமான் எடுத்தாங்க, அடுக்கு எழுதி வைக்கல, அதுனால அந்தச் சாமான வச்சு காலம் சொல்ல முடியாமப் போச்சு. வீலர் அடுக்கடுக்கா எறங்குனாரு. இத்தாலியில அரெஸ்ஸோ ஊர்ல செஞ்ச செவப்புப் பானை ஓடு எந்த அடுக்குல வருதுன்னு பாத்தாரு, அந்தப் பானை செஞ்ச காலம் ரோமானிய வரலாற்றுல நல்லாத் தெரியும், அதுனால அதே அடுக்குல கூடக் கெடந்த நம்ம ஊர்ப் பானைக்கும் காலம் வந்துச்சு. தென்னிந்தியாவுல அந்த மாதிரிப் பானை எங்க கெடைச்சாலும் ஒரு புடிமானம் ஆச்சு. அப்புறம் 1989-லேர்ந்து 92 வரைக்கும் விமலா பெக்லிங்கற தொல்லியல் ஆய்வாளர் அதே எடத்துல தோண்டி, வீலர் சொன்னதுக்கும் முன்னாடியே, கி.மு. ரெண்டாம் நூற்றாண்டு வாக்குலயே அங்க ஆளு இருந்தாங்கன்னு சொன்னாங்க. வீலர் தப்புன்னு அவுக சொல்ல முடிஞ்சதுக்குக் காரணமே வீலர் ஒழுங்கா எழுதி வச்சதுதான். அவருக்கு முன்னாடி தோண்டுனவங்கள யாராலயும் தப்புன்னுகூட சொல்ல முடியல பாத்தீங்களா. நான் நம்புறது, இன்னொருத்தர் வந்து சரி பாக்குற மாதிரி எழுதி வச்சவர.

ரிப்போர்ட் லேட்டாகறது பத்தி எனக்கும் கோவம்தான். கீழடியில முதல் ரெண்டு கட்டம் தோண்டுன அமர்நாத் ராமகிருஷ்ணா 982 பக்கம் ரிப்போர்ட்ட 2023 சனவரியில குடுத்தாரு, 2025-ல அத திருத்திக் குடுன்னு மத்திய தொல்லியல் துறை கேட்டுச்சு, அவரு மாட்டேன்னாரு, மிச்சம் பேப்பர்ல படிச்சிருப்பீங்க. அரசியல் எனக்கு வேணாம். குழிய மூடிட்டா அந்தக் குழியில இருந்த எல்லாமே அப்புறம் அந்த ரிப்போர்ட்லதான் இருக்கு, அது வெளிய வராம பெட்டிக்குள்ள கெடந்தா பழையபடி மண்ணுக்குள்ள கெடந்த மாதிரிதான்.

முழுசா தோண்டக்கூடாது சார். வீலர் தோண்டும்போது கரிய வச்சு வயசு சொல்ற முறையே உலகத்துல கெடையாது, லிப்பிங்கற அமெரிக்க விஞ்ஞானி அத வெளியிட்டது 1949-ல. அரிக்கமேட்ட அன்னிக்கே மொத்தமா வழிச்சு எடுத்திருந்தா கரி எல்லாம் அப்பவே தூக்கிப் போட்டிருப்பாங்க. இப்ப மணலையே சோதிச்சு அது கடைசியா எப்ப வெயில பாத்துச்சுன்னு சொல்றாங்க, அதுக்கு வெளிச்சம் படாம இரும்புக் குழாய அடுக்குக்குள்ள அடிச்சு எடுக்கணும், தோண்டிப் போட்ட மண்ணு அதுக்கு ஒதவாது. கீழடி மேடு 110 ஏக்கர்ங்கிறாங்க, தோண்டினது கொஞ்சூண்டு. மிச்சத்த நம்ம பேரப்புள்ளைக நம்மள விட நல்ல சாமானோட வந்து தோண்டட்டுமே. தோண்டி முடிச்ச குழிய ஷீட்டு விரிச்சு திரும்ப மண்ணப் போட்டு மூடுறதப் பாத்துட்டு "இதுக்கா இத்தனை நாள்"ன்னு கேக்காத ஊரே இல்ல.

புதுவயல் மாணவர்: லீவுல அகழாய்வுக்கு வந்து வேலை செய்ய ஆசை. முதல் நாளே ஏதாவது கண்டுபிடிக்க முடியுமா?

முதல் வாரம் பூரா சல்லடைதான் தம்பி. குழியிலேர்ந்து வர்ற ஒவ்வொரு சட்டி மண்ணையும் சலிக்கணும், பாசிமணி, மீன் முள்ளு, ஒடைஞ்ச சங்கு வளையல் எல்லாம் அங்கதான் மாட்டும். தொப்பி, தண்ணி பாட்டில், பென்சில் எடுத்துக்கிட்டு வாங்க, நம்ம பக்கத்துச் செம்மண்ணு துணியில ஏறுனா போகாது, வெள்ளைச் சட்டை வேணாம். கட்டத்து ஓரத்துல கால வைக்காதீங்க, சுவர் சரிஞ்சா என்னை மாதிரி வரையறவன் ரெண்டு நாள் உங்களத் திட்டிக்கிட்டே வரைவான். சலிச்ச மண்ண எங்க கொட்டணும்னு மட்டும் முதல்லயே கேட்டுக்கங்க. நான் ஒரு தடவ கேக்காம ஒரு மாசம் கொட்டுனேன், அடுத்து தோண்ட வேண்டிய கட்டம் அந்த மேட்டுக்கு அடியிலதான்னு அப்புறம்தான் சொன்னாங்க.